கழற்றிப் பூட்டும் ஸ்லொட் கார் ட்ராக்: ஒரு பலகையில் பன்னிரண்டு துண்டுகள்

பாதையில் வெட்டிய காடி என்னும் ஒடுங்கிய பள்ளத்தின் வழியே, அதன் இருபக்கமும் உள்ள உலோகக் கீற்றுகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் சிறு பொம்மைக் கார்தான் ஸ்லொட் கார். 1957 இல் பிரித்தானியாவில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பொம்மைத் தொகுதி வெளிவந்த காலத்திலிருந்து பெட்டியில் வரும் ட்ராக் விற்பனையில் இருக்கிறது. இப்போது வருவது பிளாஸ்டிக். சில நாள் விளையாட அது போதும். வீட்டில் நிலையாக ஓட்ட வேண்டும், ஆனால் ஹோலை ட்ராக்குக்கே எழுதிக் கொடுக்கவும் முடியாது என்றால், மரப்பலகையில் காடி வெட்டி, துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கக்கூடிய ட்ராக்தான் சரியான வழி. திருகோணமலையில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வருடம் முழுக்க விரித்தே கிடக்கும் ட்ராக்கில் காடியோரச் செப்பு டேப் கறுத்துப் பலகையும் ஊதிவிடும். கழற்றி மூடி வைக்க முடிந்தால் பல வருடம் தாங்கும்.

பலர் கடதாசியில் வளைவுகளை வரைந்து பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வேலை. கழற்றிப் பூட்டும் ட்ராக்கின் தரம் முழுவதும் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. கீழே தந்துள்ள ட்ராக்கில் பத்து இணைப்புகள் வருகின்றன. கார் ஒவ்வொரு சுற்றிலும் பத்துத் தடவை அவற்றைத் தாண்டுகிறது. எனவே முதலில் இணைப்பைத் தீர்மானியுங்கள். ட்ராக்கின் வடிவத்தைப் பிறகு எந்த நாளிலும் மாற்றலாம்.

அளவு: எல்லாம் 300 இன் மடங்கு

1:32 அளவுக் கார்கள், இரண்டு காடி. காடிகளுக்கு இடைத்தூரம் 90 மி.மீ. (கடையில் விற்கும் ட்ராக்குகளான ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் இது 78, கரேராவில் 99, நின்கோவில் 90.) காரின் அகலம் ஏறக்குறைய 60 மி.மீ. என்பதால், நேர்பாதையில் இரண்டு கார்களுக்கு நடுவே 30 மி.மீ. மிஞ்சும். வீதியின் அகலம் 300 மி.மீ. காடிகள் ஓரத்திலிருந்து 105 இலும் 195 இலும் வரும். வளைவில் காரின் பின்பக்கம் வெளியே வீசும்போது இந்த 105 மி.மீ. ஓரம் தேவைப்படும். அதைக் குறைத்தால் ஒவ்வொரு வளைவிலும் கார் தடுப்பில் உரசும்.

வளைவுத் துண்டு 450 × 450 சதுரம். அதன் ஒரு மூலைதான் வளைவின் மையம். அங்கிருந்து 255 மி.மீ. ஆரையில் உட்காடி, 345 மி.மீ. ஆரையில் வெளிக்காடி, நடுக்கோடு 300. நேர்த் துண்டுகள் 1200 நீளம், குறுந்துண்டுகள் 300 நீளம். நடுக்கோட்டை வைத்துக் கணக்குப் பார்த்தால் எல்லாத் துண்டும் 300 இன் மடங்குகளிலேயே நகரும். அதனால் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டத்தை 300 மி.மீ. ஆக எடுத்து எந்த வடிவத்தை வரைந்தாலும், கொப்பியில் மூடினால் தரையிலும் மூடும். 350 இல் ஒன்று, 500 இல் ஒன்று என்று கலந்து வெட்டியவர்களுக்குக் கடைசித் துண்டு எப்போதும் பொருந்தாமலே நிற்கும்.

நேர்த் துண்டை 1200 இல் நிறுத்துவதற்குக் காரணம் பலகையின் அளவும் ஓட்டோவும். அந்த நீளத்துக்கு மேல் போனால் உப்புவெளியில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோக வேன்தான் பிடிக்க வேண்டும்.

பலகையும் வெட்டும் முறையும்

12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகை ஒன்று, 8 அடிக்கு 4 அடி (2440 × 1220). ஈரந்தாங்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன் உட்புறம் பச்சை நிறமாக இருக்கும். பிளைவுட் உறுதியானது, ஆனால் 3 மி.மீ. காடி வெட்டும்போது நார் பிய்யும், உள்ளே இருக்கும் வெற்றிடங்களில் காடியின் சுவர் உடையும். பெயர்ப்பலகை செய்பவர்கள் பாவிக்கும் பி.வி.சி. பலகைக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் சூட்டில் நீளும், வளையும். தகரக் கூரை வீட்டில் பங்குனி, சித்திரை வெயிலுக்கு அது ஏற்றதல்ல. அதைப் பாவிப்பதானால் அடிச்சட்டத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 18 மி.மீ. எம்.டி.எஃப். வேண்டாம். 1200 × 300 துண்டு 12 மி.மீ. இல் சுமார் 3.2 கிலோ, 18 இல் கிட்டத்தட்ட 5 கிலோ. தூக்கி அடுக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வெட்டும் ஒழுங்கு முக்கியம். வாள் ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. தின்னும் என்பதைச் சேர்த்தே இந்தக் கணக்கு. முதலில் பலகையின் நீளத்தில் 1200 அளந்து குறுக்கே வெட்டுங்கள். அந்த 1200 × 1220 துண்டிலிருந்து 1200 × 300 அளவில் நான்கு நேர்த் துண்டுகள் வரும். மிச்சம் 1237 × 1220. அதிலிருந்து 300 அகலத்தில் ஒரு கீற்றை எடுத்து 1200 க்குக் குறையுங்கள்: ஐந்தாவது நேர்த் துண்டு. இப்போது 934 × 1220 மிஞ்சும். அதில் 450 × 450 சதுரம் நான்கு. எஞ்சிய கீற்றில் 300 × 300 சதுரம் மூன்று. மொத்தம் பன்னிரண்டு.

கைவாளால் வெட்ட முயலாதீர்கள். மேசை வாள் உள்ள தச்சுப் பட்டறையில் கொடுத்து, ஒரே அளவுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே முட்டு வைத்து வெட்டித் தரும்படி கேளுங்கள். 1200 என்பது 1198 ஆனாலும் பரவாயில்லை. ஐந்தும் 1198 ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூலைமட்டத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு வளைவு அரைப் பாகை பிசகினால் அதற்கு அடுத்து வரும் 2400 மி.மீ. நேர்பாதையின் முனை 21 மி.மீ. விலகி நிற்கும். சதுரங்களின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்ய வையுங்கள்.

காடி வெட்டுதல்

ரூட்டரில் (மரத்தில் காடி வெட்டும் கை மின்கருவி) 3 மி.மீ. அலகு. ஆழம் 8 மி.மீ., நான்கு நான்காக இரண்டு முறை. ஒரே முறையில் 8 இறக்கினால் அலகு சூடேறி ஒடியும், அல்லது வளைந்து காடி அகலும். அடியில் 4 மி.மீ. பலகை மிஞ்சுகிறது. சட்டம் வைத்த பிறகு அது போதுமான பலம். எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது. முற்றத்தில் வைத்து வெட்டுங்கள், மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம்.

நேர்த் துண்டுக்கு ரூட்டரின் வேலியை (பலகையின் ஓரத்தோடு ஓடும் வழிகாட்டியை) 105 இல் பூட்டி ஓட்டுங்கள். பிறகு அதே 105 ஐ எதிர் ஓரத்திலிருந்து ஓட்டினால் 195 தானாக வந்துவிடும். பலகையின் அகலம் ஒரு மி.மீ. கூடக்குறைய இருந்தாலும் காடிகள் நடுவுக்குச் சமச்சீராக நிற்கும். இணைப்பு வேலைக்கு அந்தச் சமச்சீர் மிக அவசியம்.

வளைவுக்கு ஒரு தளம் செய்துகொள்ள வேண்டும். 700 × 700 பழைய பலகையில் இரண்டு 12 மி.மீ. கீற்றுகளைச் சரி செங்கோணத்தில் அடியுங்கள். அவற்றின் உள்விளிம்புகள் சந்திக்கும் புள்ளியில் ஓர் ஆணி. அதுதான் கவராயத்தின் மையம். கீற்றுகள் அந்தப் புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே தொடங்கட்டும். வளைவுத் துண்டின் மைய மூலையை 100 × 100 அளவுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள், ஆணிக்கு இடம் கிடைக்கும். துண்டை இரண்டு கீற்றிலும் முட்டவைத்துக் கிளாம்ப் போட்டு, ரூட்டரை ஆணியில் சுழலும் ஒரு சட்டத்தில் பூட்டி 255 இலும் 345 இலும் சுழற்றுங்கள். ஆரை அலகின் நடுவுக்கு அளக்கப்பட வேண்டும், ஓரத்துக்கு அல்ல. அலகு கீற்றுக்குள்ளும் கொஞ்சம் வெட்டிப் போகட்டும். அப்போதுதான் துண்டின் விளிம்பு சிதறாது. கடைசியில் எதிர் மூலையில் 250 மி.மீ. கால்கள் உள்ள முக்கோணம் ஒன்றை அறுத்து எறிந்தால் துண்டு இலேசாகும். காரின் வீச்சு அங்கே எட்டாது.

இணைப்பு: இடப்பக்கம் முளை, வலப்பக்கம் துளை

ஒவ்வொரு துண்டின் முனைக்கும் அடியில் 300 × 60 × 18 மி.மீ. பிளைவுட் முகப்பலகை ஒன்றை வெள்ளை மரப்பசையும் திருகாணியும் போட்டுப் பொருத்துங்கள். அதன் முகம் எம்.டி.எஃப். விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு முகப்பலகைக்கும் மறு முகப்பலகைக்கும் இடையே இரண்டு ஓரங்களிலும் 2 × 1 அங்குலச் சட்டம். நேர்த் துண்டுக்கு நடுவிலும் ஒரு குறுக்குச் சட்டம் போடுங்கள்.

முகப்பலகையில் மூன்று துளைகள். எல்லாம் வீதியின் மேற்பரப்பிலிருந்து 30 மி.மீ. கீழே. நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 100 மி.மீ. தள்ளி 10 மி.மீ. துளைகள் இரண்டு. நடுவில் போல்டுக்கு ஒன்று. துண்டை வெளியிலிருந்து நேர்முகமாகப் பார்த்தால் உங்கள் இடப்பக்கத் துளையில் முளை, வலப்பக்கம் வெறும் துளை. எல்லா முனைக்கும் இதே விதி. இரண்டு முனைகளை முகத்துக்கு முகம் வைத்தால் ஒன்றின் இடம் மற்றதன் வலத்துக்கு நேரே வருகிறது. முளை துளைக்குள் போகிறது. ஆண் முனை, பெண் முனை என்ற பேதம் இல்லாததால் எந்தத் துண்டையும் எப்படியும் திருப்பிப் போடலாம். அதைவிடப் பெரிய இலாபம் இது: ஒரே வளைவுத் துண்டு ஒரு முனையால் நுழைந்தால் வலது வளைவு, மறுமுனையால் நுழைந்தால் இடது வளைவு. இரண்டு வகை வளைவு செய்யத் தேவையே இல்லை.

முளைக்கு 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. 30 மி.மீ. நீளத்தில் வெட்டி, 18 ஐ முகப்பலகைக்குள் எபொக்சி போட்டு இறக்குங்கள், 12 வெளியே நிற்கட்டும். நுனியை அரத்தால் கூம்பாக்குங்கள். சாதாரண இரும்புக் கம்பி இந்த உப்புக் காற்றில் ஒரு மாரிக்குள் துருப்பிடித்துத் துளைக்குள் இறுகிவிடும். படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்கி, மரை இல்லாத தண்டை வெட்டி எடுக்கலாம். வெறும் துளையின் உட்சுவரில் நீர்த்த சுப்பர் குளூவை ஊறவிட்டு, காய்ந்ததும் அதே அலகை ஒருமுறை விட்டு எடுங்கள். இல்லாவிட்டால் பிளைவுட் தேய்ந்து துளை தளரும்.

நடுவில் 8 மி.மீ. போல்டும் சிறகு நட்டும். அதற்கான துளை 10 மி.மீ. ஆக, தாராளமாக இருக்கட்டும். துண்டுகளை நேர்ப்படுத்துவது முளையின் வேலை, இறுக்கிப் பிடிப்பது போல்டின் வேலை. போல்டும் இறுக்கமான துளையில் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, எங்கோ ஓரிடத்தில் வீதி படியாக எழும்பி நிற்கும்.

துளைகளை அளந்து குறித்துப் போட வேண்டாம். ஒரு துளை அச்சு செய்யுங்கள். எல் வடிவில் சேர்த்த இரண்டு தடித்த பலகை. மேற்பலகையின் அடியில், 90 மி.மீ. இடைவெளியில், காடிக்குள் இறுக்கமாக இறங்கும் 3 மி.மீ. அலுமினியத் தகடுகள் இரண்டு. நிற்கும் பலகையில் மூன்று துளைகள். தகடுகளைக் காடியில் இறக்கி, அச்சை முகப்பலகையோடு ஒட்டவைத்துத் துளையிட்டால், துளைகள் பலகையின் ஓரத்தை நம்பாமல் காடியையும் வீதியின் மேற்பரப்பையும் நம்பி நிற்கும். கார் ஓடுவது அவற்றில்தான். முனைகள் முகத்துக்கு முகம் சேர்வதால் அச்சில் உள்ள பிழை இரட்டிப்பாகும். அச்சு 0.5 மி.மீ. ஒருபக்கம் சாய்ந்திருந்தால் காடிகள் 1 மி.மீ. விலகும். ஆகவே நல்ல துண்டுகளைத் தொடுமுன் இரண்டு கழிவுத் துண்டில் துளையிட்டுச் சேர்த்துப் பாருங்கள். விரல் நகத்தைக் காடியின் சுவரோடு இழுத்தால் இணைப்பில் தட்டக் கூடாது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கால் மி.மீ. விலகல் வரும். அதற்காக ஒவ்வொரு காடியின் வாயையும் கடைசி 10 மி.மீ. இல் 3 இலிருந்து 5 ஆக விரித்துவிடுங்கள். கூரிய கத்தியும் அரத்தாளும் போதும். காரின் அடியில் இருக்கும் வழிகாட்டித் தகடு அப்போது எந்தத் திசையில் வந்தாலும் முட்டாமல் வழுக்கி உள்ளே போகும். வீதியின் மேல் விளிம்பையும் மெல்ல மழுக்குங்கள்.

நிறமும் செப்பும்

வெட்டு விளிம்புகள்தான் எம்.டி.எஃப். இன் பலவீனம். மரப்பசையில் பாதித் தண்ணீர் கலந்து இரண்டு முறை விளிம்புகளுக்குப் பூசி, காய்ந்ததும் 240 அரத்தாளால் தேயுங்கள். பிறகு மேலும் கீழும் ஒரே அளவு நிறம் பூச வேண்டும். மேலே மட்டும் பூசினால் அடிப்பக்கம் தனியாக ஈரத்தை இழுத்துப் பலகை கிண்ணம்போல வளையும். வீதிக்குப் பளபளப்பில்லாத அக்ரிலிக், ஸ்பொஞ்ச் உருளையால் மூன்று முறை. இனாமல் வேண்டாம், டயர் வழுக்கும். கையில் மாவுபோல ஒட்டும் மலிவான இமல்ஷனும் வேண்டாம், செப்பு டேப் அதில் பிடிக்காது. கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலம் இந்த வேலைக்கு உகந்தது. வாடைக்காற்றும் மழையும் தொடங்கிய பிறகு பூசினால் டேப் ஒட்டுவதற்கு முன் ஒரு கிழமையாவது காயவிடுங்கள்.

செப்பு டேப் 6 மி.மீ. அகலம். ஒரு காடிக்கு இரண்டு ஓட்டம். ஒரு சுற்றுக்குச் சுமார் 30 மீற்றர், மிச்சத் துண்டுகளையும் சேர்த்து 40 மீற்றர் வாங்குங்கள். காடியின் விளிம்பிலிருந்து 1 மி.மீ. விலக்கி ஒட்டுங்கள். விளிம்போடு ஒட்டினால் வழிகாட்டித் தகடு உரசி உரித்துவிடும். வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கரண்டியின் முதுகால் அழுத்தினால் சுருக்கம் படியும். முனையில் டேப்பை வெட்டி நிறுத்தாமல் விளிம்புக்கு மேலால் மடித்து 10 மி.மீ. கீழே ஒட்டுங்கள். வெட்டிய நுனி மேலே இருந்தால், டேப்பிலிருந்து மின்சாரம் எடுக்கக் காரின் அடியில் இருக்கும் செப்புப் பின்னல் அதைக் கிளப்பும்.

துண்டுக்குத் துண்டு மின்சாரம் போக இந்த மடிப்புகள் தொட்டுக்கொள்வதை மட்டும் நம்பக் கூடாது. கடற்காற்றில் செப்பின் மேல் படலம் பிடித்தால் தொடுகை போய்விடும். வயர் வேண்டும். முனையிலிருந்து 40 மி.மீ. உள்ளே, டேப்பின் வெளி ஓரத்தை ஒட்டி 2 மி.மீ. துளையிட்டு, கீழிருந்து வயரின் நுனியை எடுத்துப் பரப்பி, டேப்பின் வெளி ஓரத்தில் பற்றாசு வையுங்கள். இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் சூடு காட்டினால் டேப்பின் பசை கருகும். பற்றாசு மேடாக நின்றால் அரத்தால் தேயுங்கள்.

நான்கு வயர், இரண்டு நிறம்

அடியில் ஒவ்வொரு டேப்புக்கும் 1.5 சதுர மி.மீ. நெகிழ் வயர் முனைக்கு முனை ஓடட்டும். 0.035 மி.மீ. தடிப்புள்ள 6 மி.மீ. டேப்பின் தடை மீற்றருக்கு ஏறக்குறைய 0.08 ஓம். இந்த வயரினது ஏறக்குறைய 0.013 ஓம்தான். வயர் இல்லாவிட்டால் மின் கொடுக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் கார் சோர்ந்து போவது இதனால்தான்.

முனையை வெளியிலிருந்து பார்த்து டேப்புகளை இடமிருந்து வலம் 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள். வெளி டேப்புகளான 1, 4 இரண்டுக்கும் சிவப்பு வயர். உள் டேப்புகளான 2, 3 இரண்டுக்கும் கறுப்பு. ஒவ்வொரு முனையிலும் 1, 2 வயர்களின் நுனியில் வாகன வயரிங்குக்குப் பாவிக்கும் ஆண் புல்லட் (செருகு இணைப்பி), 3, 4 இல் பெண். அடுத்த துண்டோடு சேரும்போது 1 எதிரே உள்ள 4 ஐயும், 2 எதிரே உள்ள 3 ஐயும் சந்திக்கும். சிவப்பு ஆண் சிவப்புப் பெண்ணோடு, கறுப்பு ஆண் கறுப்புப் பெண்ணோடு. துண்டைத் திருப்பிப் போட்டாலும் மாறாது. பத்து வயதுப் பிள்ளைகூடப் பிழையாகப் பூட்ட முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இங்கே சிவப்பு என்றால் நேர்முனை என்று பொருள் அல்ல.

மின் கொடுக்கும் துண்டாக 300 குறுந்துண்டு ஒன்றை ஒதுக்குங்கள். 12 வோல்ற், 5 அம்பியர் நிலைப்படுத்திய மின்வழங்கி, சிசிடிவி கமராக்களுக்கு வரும் வகை, இரண்டு காருக்குப் போதும். ஒவ்வொரு காடிக்கும் தனியாக 3 அம்பியர் பியூஸ். கையில் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ரோலருக்கு மூன்று வயர். மின்வழங்கியின் நேர்முனை, பியூஸ் வழியாகக் கொன்ரோலரின் மின் வயருக்கு. கொன்ரோலரின் வெளியீட்டு வயர் காடியின் ஒரு டேப்புக்கு. பிரேக் வயரும் காடியின் மற்ற டேப்பும் மறைமுனைக்கு. மின் வயரையும் பிரேக் வயரையும் மாற்றிப் பூட்டினால் விசையை விட்டவுடன் கார் முழு வேகத்தில் பாயும். வெளியீட்டையும் பிரேக்கையும் மாற்றினால் விசையை முழுதாக அழுத்தும்போது குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பியூஸ் போகும். தடைச்சுருள் உள்ள கொன்ரோலர் என்றால் 45 ஓம் வீட்டுக் கார்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

இரண்டு காரும் ஒரே திசையில் போக, 1 உம் 3 உம் ஒரே மின்முனையிலும், 2 உம் 4 உம் மற்ற மின்முனையிலும் இருக்க வேண்டும். திசை பிழைத்தால் காரைத் திருப்பி வைத்துப் பயனில்லை. அதே திசையில்தான் போகும், ஆனால் பின்புறமாக. டேப்புகளுக்குப் போகும் வயர்களையே மாற்றுங்கள். மின்வெட்டு நேரத்தில் 12 வோல்ற் வாகன பற்றரியிலும் ஓட்டலாம். பியூஸ் இல்லாமல் அதை ஒருபோதும் பூட்ட வேண்டாம். பற்றரி குறுஞ்சுற்றில் நூற்றுக்கணக்கான அம்பியரைத் தள்ளும், வயர் பற்றி எரியும்.

விரித்தல்

பன்னிரண்டில் பத்து, அதாவது நான்கு நேர்த் துண்டு, நான்கு வளைவு, இரண்டு குறுந்துண்டு: 3300 × 1200 மி.மீ. நீள்வட்டம். நடுக்கோட்டில் ஒரு சுற்று ஏறத்தாழ 7.3 மீற்றர். சின்ன ஹோலுக்கு நேர்த் துண்டுகளில் இரண்டைக் கழித்தால் 2100 × 1200, சுற்று 4.9 மீற்றர். விறாந்தை ஒடுக்கமாக இருந்தால் குறுந்துண்டுகளையும் எடுத்து அகலத்தை 900 க்குக் கொண்டு வரலாம். அப்போது மின் துண்டை நீளப் பக்கம் ஒன்றில் செருகி, எதிர்ப்பக்கம் மற்றக் குறுந்துண்டைப் போடுங்கள்.

முளைகள் 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதால் கடைசித் துண்டை மேலிருந்து இறக்க முடியாது. ட்ராக்கை இரண்டு ப வடிவப் பாதிகளாகப் பூட்டி, அவற்றை எதிரெதிரே வைத்து நீளவாக்கில் தள்ளிச் சேர்க்க வேண்டும். எல்லா முளையும் உட்கார்ந்த பிறகே போல்டுகளை இறுக்குங்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் பிழையெல்லாம் கடைசி இணைப்பில் சேர்ந்து நிற்கும். சிமெந்துத் தரை மட்டமாக இருக்காது. முகப்பலகைகளின் அருகே 8 மி.மீ. போல்டுகளைத் திருகிக் காலாக்கினால் ஏற்றி இறக்கலாம். நீர்மட்டத்தை வீதியின் குறுக்கே வைத்துப் பாருங்கள். நெடுக்கே சிறு சரிவு பரவாயில்லை, குறுக்கே சரிந்தால் ஒரு காடிக்கு அநியாயம்.

இரண்டு காடிகளும் ஒரே நீளம் அல்ல. வெளிக்காடி ஒரு சுற்றுக்கு 566 மி.மீ. கூட. எஸ் வளைவு போட்டால் சமமாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. மூடிய சுற்று எப்படி நெளிந்தாலும் மொத்தத் திருப்பம் 360 பாகைதான். எனவே வித்தியாசம் 2π × 90 ஆகவே நிற்கும். பாதை தன்னையே குறுக்கே வெட்டும் எட்டு வடிவம்தான் அதைத் தீர்க்கும், அதற்குப் பாலம் வேண்டும். வீட்டுப் பந்தயத்துக்குச் சுலபமான வழி, பத்துச் சுற்று ஓடிக் காடியை மாற்றிக்கொண்டு மறுபடி பத்துச் சுற்று.

கார் சறுக்கினால், நின்றால்

பிளாஸ்டிக் ட்ராக்கில் இரும்புத் தண்டவாளம் உண்டு, காரின் அடியில் உள்ள காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். செப்பைக் காந்தம் பிடிக்காது. முதல் நாளில் எல்லாரும் வளைவில் தூக்கியெறியப்படுவது இதனால்தான். காந்தத்தைக் கழற்றிவிட்டு, காரின் உடலுக்குள் அடித்தட்டோடு ஒட்ட, நடுவுக்குச் சற்று முன்னால், 15 முதல் 25 கிராம் ஈயம் ஒட்டுங்கள். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டைத் தட்டையாகச் சுத்தியலால் அடித்தால் போதும். மேலே டேப் சுற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பின் டயர் யூரிதேனாக இருந்தால் பிடிப்பு இன்னும் கூடும். சிறுவர் ஓட்டும்போது மின்வழங்கியை 9 வோல்ற் அளவுக்கு இறக்க முடிந்தால் நல்லது. தடுப்புக்கு 30 மி.மீ. உயர ஸ்பொஞ்ச் கீற்றை வெளி ஓரத்தில் ஒட்டுங்கள். கெட்டியான தடுப்பு காரின் கண்ணாடியையும் இறக்கையையும் உடைக்கும்.

கார் எப்போதும் ஒரே இணைப்பில் தயங்கினால் அந்த இணைப்பின் புல்லட்டைக் கழற்றித் துடையுங்கள். ஒரே இடத்தில் துள்ளினால் காடிக்குள் தூள் அடைத்திருக்கும் அல்லது ஆழம் குறைந்திருக்கும். ட்ராக் முழுவதும் தயங்கினால் குறை காரின் செப்புப் பின்னலில். அதை விரித்து நுனியைச் சற்றுக் கீழே வளைத்து விடுங்கள். ட்ராக் ஒரு பாதியில் மட்டும் மெதுவாக ஓடினால் மல்டிமீற்றரைப் பிடித்து, கார் ஓடும்போதே ஒவ்வொரு துண்டிலும் வோல்ற் அளவை அளந்து வாருங்கள். எங்கே திடீரென்று விழுகிறதோ அதற்கு முந்திய இணைப்புத்தான் குற்றவாளி.

அடுக்கி வைத்தல்

ஓடி முடிந்ததும் செப்பை வெள்ளை அழிறப்பரால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்ட துணியால் ஒருமுறை தடவுங்கள். துணி ஈரமாகத் தெரிந்தாலே எண்ணெய் கூடிவிட்டது, டயர் வழுக்கும். ஒரே அளவுத் துண்டுகள் இரண்டை வீதியோடு வீதி பார்க்கும்படி, 60 மி.மீ. இடைவெளியில் வைத்து, இரு முனையிலும் ஒரு மூடிப் பலகையைப் பூட்டுங்கள். அதே துளை அச்சால், 120 மி.மீ. இடைவெளியில் இரண்டு வரிசைத் துளை போட்ட பிளைவுட் போதும், அதே போல்டுகளே பூட்டும். முளையும் செப்பும் அடிபடாது. ஜோடியைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, சிலிக்கா பொட்டலம் இரண்டு போடுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சுவரில் சாய்த்து நிறுத்தினால் ஒரு மாரிக்குள் வளைந்துவிடும். தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் கிடையாக அடுக்குங்கள்.

மார்கழியில் ஒருமுறை பொதியை அவிழ்த்து, இணைப்புகளை வெறுமனே சேர்த்துப் பாருங்கள். முளை இறுகியிருந்தால் துளை ஊதியிருக்கிறது. உருட்டிய அரத்தாளை ஒருமுறை உள்ளே விட்டு எடுத்து, சுப்பர் குளூவை மறுபடி ஊறவிடுங்கள். வெளியூர் கொண்டுபோகும் பெட்டியில் பியூஸ் நான்கு, சிறகு நட் மூன்று, புல்லட் ஆறு சோடி, செப்பு டேப் இரண்டு மீற்றர், சிறிய பற்றாசுக்கோல் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.